மூன்று முறை 'மேடே'

ஆபத்தில் சிக்கிய விமானமோ கப்பலோ வானொலியில் முதலில் சொல்லும் ஆங்கிலச் சொல் 'மேடே'. மே தினத்துக்கும் இதற்கும் உறவில்லை. 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலி இது. லண்டன் கிராய்டன் விமான நிலையத்தின் வானொலி அதிகாரி பிரெடெரிக் மாக்ஃபோர்ட் 1920களில் இதை உருவாக்கினார். அங்கிருந்து பாரிஸுக்கு விமானங்கள் ஓயாமல் போய்வந்தன. இரு நாட்டாருக்கும் காதில் விழுந்ததும் புரியும் சொல் தேவைப்பட்டது. இரைச்சலிலும் தவறாமல் கேட்கவேண்டும் என்பதற்காக மூன்று முறை சொல்வார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத அவசரத்துக்கு 'பான் பான்' போதும்.

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியாங்கா 52 விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானிலேயே காத்திருந்தது. விமானிகள் 'பிரையாரிட்டி' கேட்டார்கள். எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். 'எமர்ஜென்சி' என்றோ 'மேடே' என்றோ கட்டுப்பாட்டு அறைக்கு அறிவிக்கவில்லை. பிரையாரிட்டி என்றால் முன்னுரிமை, அவ்வளவுதான். மற்ற விமானங்களை விலக்கி உடனே வழிவிடச் செய்வது எமர்ஜென்சி என்ற அறிவிப்பு. ஸ்பானிய மொழி பேசிய அந்த விமானிகளுக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலித்திருக்கலாம் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. நான்கு இன்ஜின்களும் நின்று, விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள்.

இறங்கும்போது குறைந்தபட்ச இருப்புக்கும் கீழே எரிபொருள் போய்விடும் என்று தெரிந்தால், 'மேடே, மேடே, மேடே, ஃப்யூவல்' என்றே அறிவிக்க வேண்டும் என்பது இன்றைய சர்வதேச விதி.