நீதிபதி சாக்ளாவும் பகிரங்க விசாரணையும்



நீதிபதியாகவும் ராஜதந்திரியாகவும் விளங்கிய எம். சி. சாக்ளா அவர்களின் கொள்கைகளைக் குறித்துப் பேசுமாறு வானொலி நிலையத்தார் பணித்திருக்கிறார்கள். 1900-ல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் சரித்திரம் கற்று, ஜின்னாவிடம் ஜூனியராக இருந்து தொழில் பயின்று, பின்னர் அவருடைய அரசியலினின்று முற்றும் விலகி, 1947-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதிபதியாகி, ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் போர்ச்சுகல் தொடுத்த வழக்கில் இந்தியா நியமித்த நீதிபதியாக அமர்ந்து, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நமது பிரதிநிதியாகக் கடமையாற்றிய அப்பெருந்தகையின் வாழ்வில், என் மனம் எப்பொழுதும் சென்று தங்குவது 1958-ஆம் வருஷத்தின் தொடக்கத்தில்தான். ஆகையால் மற்றவற்றைச் சுருக்கிக்கொள்ள நேயர்கள் அனுமதிக்க வேண்டும்.

ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் தோன்றி ஓராண்டுகூட நிறையாத 1957 ஜூன் மாதத்தில், ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வர்த்தகரின் ஆதிக்கத்திலிருந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளை, தன் முதலீட்டுக் கமிட்டியைக் கலந்துகொள்ளாமலே, ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு அது வாங்கியது. பாலிசிதாரர்களின் பணமல்லவா அது! ஆளுங்கட்சி அங்கத்தினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தியே லோக்சபையில் இதைக் கிளப்பினார். சாக்ளா தனிநபர் கமிஷனாக நியமனம் பெற்றார்.

அவர் முதலில் செய்த முடிவு, விசாரணையைப் பகிரங்கமாக நடத்துவது என்பதாகும். நிதி மந்திரியும் அவருடைய இலாகாக் காரியதரிசியும் கார்ப்பொரேஷன் அதிகாரிகளும் சாமானிய ஜனங்களின் கண்ணெதிரே சாட்சியம் அளித்தார்கள். உள்ளே இடம் கிடைக்காத கூட்டத்துக்காக வெளியே ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. ராஜாங்க காரியங்களைக் குடிமக்கள் நேரில் கேட்டறிய உரிமையுடையவர்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் செய்து காட்டியதாக நான் அறியேன்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வழக்கறிஞனாக இருக்கும் என்னிடம், வேலை நீக்கம் செய்யப்பட்ட ஒரு குமாஸ்தா வந்தார். அவர்மீது நடந்த இலாகா விசாரணை மூடிய அறைக்குள்ளேயே முடிந்துவிட்டது. தம்மைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. "தண்டனை கிடைத்தது இருக்கட்டும் ஐயா, நான் செய்த குற்றம் இன்னதென்று ஒருவராவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே" என்றார். சாக்ளாவின் அறிக்கையை எடுக்கும்போதெல்லாம் அந்த மனிதரின் குரல் என் செவியில் விழும்.

நிதி மந்திரியாக இருந்தவர் நம் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி, பேராற்றல் வாய்ந்தவர். காரியதரிசி செய்ததற்குத் தாம் பொறுப்பல்ல என்னும் நிலையை அவர் மேற்கொண்டபோது, சாக்ளா அதை ஏற்கவில்லை: தம் இலாகாவின் செயலுக்கு அரசியல் சாசன ரீதியில் மந்திரியே பொறுப்பாளி, தம் கீழுள்ளவரைக் காட்டிவிட்டுத் தாம் ஒதுங்க முடியாது என்று தீர்மானித்தார். அறிக்கையும் சில வாரங்களுக்குள் வந்துவிட்டது. 1958 பிப்ரவரியில் மந்திரி ராஜினாமா செய்தார். 1963-ல் அவ்விருவரும் ஒரே மந்திரிசபையில் சகாக்களாக அமர்ந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதவிக்குரிய பொறுப்பைப் பற்றிய தீர்ப்பு ஜன்மப் பகையாகிவிடவில்லை.

பிறர்க்கு விதித்த அளவுகோலைத் தமக்கும் அவர் விதித்துக்கொண்டார். பல்கலைக்கழகப் பயிற்று மொழிக் கொள்கையை ஏற்க இயலாமல், 1967-ல் வெளிநாட்டு விவகார மந்திரி பதவியைத் துறந்தார். அவசர நிலைக் காலத்தில், எழுபத்தைந்து வயதில், பிரஜா உரிமைகளுக்காகப் பகிரங்கமாகக் குரல் கொடுத்தார். அந்நாளில் அவர் பேசவிருந்த பம்பாய் வழக்கறிஞர் கூட்டமொன்றுக்குப் போலீஸ் கமிஷனர் அனுமதி மறுக்க, அந்த மறுப்பு செல்லாதென்று பம்பாய் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவர் காலமானது 1981-ல்.

நேரம் முடிகிறது. 'டிசம்பரில் ரோஜாக்கள்' என்னும் பொருள்படத் தலைப்பிட்ட அவருடைய சுயசரிதையைப் பற்றிச் சொல்ல இன்று இடமில்லாமற் போயிற்று. சட்டம் பயிலும் இளைஞர்கள் அதனையும் அந்த 1958-ஆம் வருஷத்து அறிக்கையையும் தேடிப் படிக்க வேண்டுகிறேன். உங்கள் ஊர் நூலகத்தில் இல்லையென்றால், வாங்கி வைக்குமாறு கேளுங்கள்.