இடமில்லை என்ற கடிதமும் இரண்டாவது வாசலும்

(மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் பேசிய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்கா தேசத்துப் படிப்பைப் பற்றிய விஷயமாகும். இங்கே உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் காலேஜ்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். நம்மவர் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே படிக்கிறார்கள், குடியேறிய குடும்பங்களும் அநேகம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் என்னவென்றால், "தகுதி" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனிதர்கள் எப்படி மிரட்டப்படுகிறார்கள் என்பதற்கு அந்த நாட்டில் எழுத்து மூலமாகவே ருசு இருக்கிறது. நாம் மாணாக்கராகக் காலேஜ் வாசற்படியை மிதித்தவர்கள் அல்ல. ஆனாலும் கணக்குப் பார்ப்பதற்குக் காலேஜ் அவசியமில்லை.

அங்கே பெயர்பெற்ற சர்வகலாசாலைகள், விண்ணப்பித்த பிள்ளைகளுக்கு மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் முடிவைத் தெரிவிக்கின்றன. பதினேழு வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ "உனக்கு இடமில்லை" என்று கடிதம் வந்துவிட்டால் வீடு இழவு வீடாகிவிடுகிறது. நம்மவர் வீடாயிருந்தால் தாயார் தலையெழுத்து என்கிறாள். தகப்பனார் ஜாதகத்தை எடுத்துச் சனி எங்கே இருக்கிறான் என்று தேடுகிறார். சனிக்குக் கலிபோர்னியாவில் என்ன வேலை என்று கேட்பாரில்லை! அந்தப் பிள்ளை கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டு வருஷப் பொதுக் காலேஜில் சேர்ந்தால் அதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லவும் வெட்கப்படுகிறார்கள். வருகிறவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளுகிற காலேஜ் என்பதுதான் அதன் பேரில் உள்ள குற்றம்.

சரி, அந்தக் கடிதத்தை எழுதினது யார்? பிரம்மாவா? கலிபோர்னியா மாகாணத்துச் சங்கதியை மட்டும் பார்ப்போம். 1960ஆம் வருஷத்தில் அந்த மாகாணம் உயர்ந்த படிப்புக்கு ஒரு பெரிய திட்டம் போட்டது. அதற்கு முன், பள்ளிக்கூடம் முடித்த நூறு பேரில் மேலே உள்ள சுமார் 15 பேர் கலிபோர்னியா சர்வகலாசாலைக்குத் தகுதியுள்ளவர்கள். திட்டம் அதைப் பன்னிரண்டரை ஆக்கிற்று. அதற்கு அடுத்தபடியான மாகாணக் காலேஜ்களுக்குச் சுமார் 50 பேர் என்றிருந்ததை 33 ஆக்கிற்று. மற்றவர்களை இரண்டு வருஷக் காலேஜுக்குப் போகச் சொல்லிற்று.

தோழர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 15க்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் இருந்த அந்த இரண்டரைப் பேரின் மூளை ஒரு வருஷத்தில் அழுகிப் போய்விட்டதா? அவர்கள் மார்க்கு குறைந்ததா? ஒன்றும் இல்லை. கமிட்டியில் பேனா நகர்ந்தது. தகுதியுள்ளவன் தகுதியற்றவன் ஆனான். 2020இல் அதே சர்வகலாசாலை, பல பத்து வருஷங்களாகக் கேட்டுவந்த எஸ்.ஏ.டி. பரீட்சையை வேண்டாம் என்று தீர்மானித்தது. அந்தப் பரீட்சையில் இரண்டு மார்க்கு குறைந்ததற்காக முன்பு அழுத பிள்ளைகளின் கண்ணீருக்கு யார் கணக்குச் சொல்லுவது?

இன்னொரு சங்கதியையும் சொல்லிவிட்டுப் போகிறோம். 2019இல் அமெரிக்காவில் ஒரு வழக்கு வெளிவந்தது. படகோட்டத் தெரியாத பணக்காரப் பிள்ளைகளைப் படகோட்டும் வீரர்கள் என்று ஜோடித்து, ஆட்ட வாத்தியார்களுக்கு லஞ்சம் கொடுத்து, ஏல், ஸ்டான்போர்டு முதலிய இடங்களில் இடம் வாங்க ஒரு தரகன் கடை வைத்திருந்தான். அவன் வசூலித்தது 2 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல். 2023இல் அவனுக்கு மூன்றரை வருஷம் ஜெயில். அப்படி நுழைந்த பிள்ளைகளுக்கும் "உன் தகுதியைக் கண்டு மகிழ்ந்தோம்" என்றுதானே கடிதம் போயிருக்கும்?

இனி இரண்டாவது வாசலுக்கு வருவோம். அதே 1960 திட்டம் ஒரு நல்ல காரியமும் செய்தது. சர்வகலாசாலையில் முதல் இரண்டு வருஷத்துப் பிள்ளைகள் 40 பங்கும், பின் இரண்டு வருஷத்துப் பிள்ளைகள் 60 பங்கும் இருக்கும்படி செய்யவேண்டும் என்று சொல்லிற்று. அதாவது இரண்டு வருஷக் காலேஜில் படித்தவர்கள் மூன்றாம் வருஷத்தில் வந்து சேர இடம் விடவேண்டும் என்று அர்த்தம். இது கருணையால் வந்ததல்ல. முதல் இரண்டு வருஷப் பாடத்தைச் சின்னக் காலேஜில் சொல்லிக்கொடுத்தால் சர்க்காருக்குச் செலவு குறையும் என்கிற கணக்கால் வந்தது. கருணையால் வந்திருந்தால் எப்போதோ மறைந்திருக்கும். கணக்கால் வந்ததால் நிற்கிறது.

இன்று அந்த மாகாணத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. மாகாணத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட் பாடத்துக்குச் சம்பளம் 46 டாலர். வருஷத்துக்கு 30 யூனிட் படித்தால் 1,380 டாலர். சர்வகலாசாலையிலோ அதே குடிகளுக்கே வருஷத்துக்கு 14,000 டாலருக்கு மேல். (வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டு இடத்திலும் பல மடங்கு என்பதை மறந்துவிட வேண்டாம், தரகன் சொல்லமாட்டான்.) 60 யூனிட் முடித்தவர் மூன்றாம் வருஷத்துக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது பள்ளிக்கூடத்து மார்க்கை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. காலேஜில் படித்த படிப்பைத்தான் பார்க்கிறார்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு இடங்களில், சொன்ன பாடங்களைச் சொன்ன மார்க்கோடு முடித்தால் இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறார்கள். ஆறில் ஒன்றை மட்டுமே கேட்கலாம். கம்ப்யூட்டர், எஞ்சினீரிங் போன்ற பிரிவுகளுக்குப் பல இடங்களில் இந்த உறுதி கிடையாது.

பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ ஆகிய மூன்றும் இப்படி எழுதிக்கொடுப்பதில்லை. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் சமீப வருஷங்களில் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 9 பேருக்கு இடம் கிடைக்க, மாறிவர விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 25 பேருக்குக் கிடைத்திருக்கிறது. பதினேழு வயதில் "இடமில்லை" என்று எழுதின அதே ஆபீசு, பத்தொன்பது வயதில் "வா" என்று எழுதுகிறது. தலையெழுத்தாயிருந்தால் இரண்டு வருஷத்தில் அழித்து எழுத முடியுமா?

இதைக் கேட்டுவிட்டு எல்லாம் சுகம் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கா முழுவதும் எடுத்துக்கொண்டால், கம்யூனிட்டி காலேஜில் சேருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டம் வாங்கவேண்டும் என்றே சேருகிறார்கள். மாறிப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு. ஆறு வருஷத்துக்குள் நாலு வருஷப் பட்டம் வாங்குகிறவர்கள் நூற்றுக்குச் சுமார் 16 பேர்தான். மற்றவர்கள் எங்கே போனார்கள்?

பர்ட்டன் கிளார்க் என்ற சமூக சாஸ்திரி 1960இலேயே, சான் ஹோசே ஊர்க் காலேஜை ஆராய்ந்து இதற்கு ஒரு விடை எழுதினார். அங்கே பிள்ளைகளை யாரும் வெளியே தள்ளுவதில்லையாம். ஒரு பரீட்சை வைத்து, ஒரு யோசனைக்காரரிடம் அனுப்பி, "உனக்கு இது கஷ்டம், அந்தத் தொழிற்படிப்பு நல்லது" என்று மெதுவாக ஆசையை ஆறவைத்து விடுகிறார்களாம். இந்த "ஆறவைத்தல்" என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? மோசடிக்காரர்கள் பாஷையிலிருந்து! ஒருவனை ஏமாற்றிப் பணத்தைப் பறித்த பிறகு, அவன் போலீசுக்கு ஓடாமல் இருக்க ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொல்லுவானே, அதற்குப் பெயர். யோசனை சொல்லுகிற எல்லோரும் அப்படி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் "உனக்கு இவ்வளவுதான்" என்கிறவரிடம் "எந்தக் கணக்கைக் கொண்டு சொல்லுகிறீர்கள்?" என்று கேட்கப் பிள்ளைகளுக்குத் தைரியம் வேண்டும்.

இரண்டாவது ஓட்டை, படித்த பாடமே செல்லாமல் போவது. 2004 முதல் 2009 வரை மாறிப் போனவர்களைப் பற்றி அமெரிக்க சர்க்காரின் தணிக்கை இலாகா 2017இல் வெளியிட்ட மதிப்பில், அவர்கள் சம்பாதித்த யூனிட்டுகளில் நூற்றுக்குச் சுமார் 43 பங்கு போகும் இடத்தில் ஒப்புக்கொள்ளப்படவில்லை. பணம் கட்டி, கண்விழித்துப் படித்த பாடம் அது. கலிபோர்னியாவில் எந்தக் காலேஜின் எந்தப் பாடம் எந்தச் சர்வகலாசாலையில் எதற்குச் சமம் என்று அசிஸ்ட் என்ற பெயரில் பொது அட்டவணை இருக்கிறது. அதை இரண்டாம் வருஷத்தில் பார்த்துப் பிரயோஜனமில்லை. முதல் பாடத்துக்குப் பெயர் கொடுக்கும் முன்பே, போக நினைக்கிற இடத்தையும் பிரிவையும் வைத்துப் பார்க்கவேண்டும். பஞ்சாங்கம் பார்க்கிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டாலே போதும்.

பணக்காரத் தனிச் சர்வகலாசாலைகளின் யோக்கியதையையும் சொல்ல வேண்டும். பிரின்ஸ்டன் 1990 முதல் மாறிவருகிறவர்களுக்குக் கதவையே மூடியிருந்தது. 2018இல் திறந்தபோது இடம் கொடுத்தது 13 பேருக்கு! இவ்வளவு பெரிய இடத்துக்கு இவ்வளவு சின்ன வாசல்.

சின்னக் காலேஜில் படித்தவன் பெரிய இடத்தில் தாக்குப்பிடிக்க மாட்டான் என்பார்கள். ஐலீன் காலின்ஸ் என்ற அம்மையார் நியூயார்க்கு மாகாணத்துக் கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் படித்து, சிரக்யூஸ் சர்வகலாசாலைக்கு மாறி 1978இல் பட்டம் பெற்றவர். 1999இல் விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிப் போன முதல் பெண் அவர்தான். மனிதனுடைய மரபணுத் தொகுதியைப் படித்தறிந்தவர்களில் முன்னணியில் நின்ற கிரெய்க் வென்டர், வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பி, சான் மேட்டியோ இரண்டு வருஷக் காலேஜில் தொடங்கியவர். அங்கிருந்து சான் டியாகோவுக்கு மாறி 1972இல் பட்டமும் 1975இல் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

நேரம் ஆகிவிட்டது. மாணவத் தோழர்கள் சிலர் கேள்விகளைச் சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். "மாறி வாங்கிய பட்டத்தில் அப்படி என்று குறித்திருக்குமா?" என்று முதல் சீட்டில் கேட்டிருக்கிறது. இருக்காது. கலிபோர்னியா சர்வகலாசாலையில் முதல் வருஷத்தில் சேர்ந்தவனுக்கும் மூன்றாம் வருஷத்தில் வந்தவனுக்கும் பட்டம் ஒன்றுதான். அடுத்த சீட்டைக் கொடுங்கள்.