லயத்தை நாடி வரும் மருத்துவிச்சி



முதலாம் வகுப்பிற் சேர வரும் பிள்ளையின் உயரத்தைக் கண்டு அதன் வயதை ஐயுறுவது, லிந்துலைப் பகுதி ஆசிரியர்க்குப் பழகிப்போன ஒன்று. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீடு கூறுவதும் இதுவே. ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 17 பேர்; தோட்டப் பகுதியிலோ 32 பேர்.

இதற்குரிய வழி நமக்குப் புதிதன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபின், மருத்துவிச்சி தாயின் இல்லம் நாடிச் செல்லும் முறை படிப்படியாக நாடெங்கும் பரவிற்று. அரசாங்கமே அவருக்கு ஊதியம் அளிக்கின்றது. ஆயினும், சமவெளிக்குப் பொருந்தும் கணக்கு மலைக்குப் பொருந்துமா? இங்கே ஒரு லயத்திற்கும் அடுத்த லயத்திற்கும் இடையே செங்குத்தான ஏற்றம். அவர் மூச்சு வாங்க ஏறி வரும் பகல் வேளையில், தாய் கொழுந்து மலையில், குழந்தை பிள்ளை மடுவத்தில், கதவிலே பூட்டு.

ஆகவே, நிதி ஒதுக்குவோர் தலைகளை மட்டும் எண்ணாது தூரத்தையும் எண்ணுதல் வேண்டும். ஒருவர் பொறுப்பிலுள்ள வீடுகள் குறைய வேண்டும். மாலையிற் செல்வோர்க்கு மேலதிகப் படி வேண்டும். தாயின் மொழியிற் பேசுவோர் வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் இழந்த வளர்ச்சியைப் பள்ளிக்கூடத்து உணவு முற்றாக மீட்டுத் தராது. பிள்ளை எம்மிடம் வரும்போது காலம் கடந்துவிடுகிறது. மருத்துவிச்சிக்கோ காலம் இருக்கிறது.