பேய்க்கணவாய் வாங்கப் போறீங்களா? விலைக்கு முன்னாடி வயசைக் கேளுங்க

(எபிசோடின் பேச்சிலிருந்து சுருக்கித் தொகுக்கப்பட்டது)

மரைன் டேங்க் வச்சிருக்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி ஒண்ணு: "ஆக்டோபஸ் எங்கே கிடைக்கும், வீட்டில வளர்க்கலாமா?" நம்ம கடற்கரையில இதுக்குப் பேர் பேய்க்கணவாய். 2020-ல 'மை ஆக்டோபஸ் டீச்சர்' படம் வந்த பிறகு நிறைய பேருக்கு இந்த ஆசை வந்திருக்கு. எனக்கும் வந்தது, வாங்கினேன். அதுல நான் பண்ணின தப்பை முதல்ல சொல்லிடறேன்.

சென்னை கொளத்தூர்ல வண்ண மீன் கடைகள் வரிசையா இருக்கும். பல கடை ஏறி இறங்கினேன். இதை யாரும் ஸ்டாக் வச்சு விக்கிறதில்லை. சொல்லி வச்சா, வலையில உயிரோட சிக்கும்போது கூப்பிடுவாங்க. ஒரு கடையில இருந்து அப்படித்தான் போன் வந்தது. போய்ப் பார்த்தா ரெண்டு டப்பாவில ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு எலுமிச்சம்பழ அளவு. இன்னொண்ணு உள்ளங்கையை விடப் பெருசு. "பெருசை எடுத்துக்கோங்க சார், நல்லா தாங்கும்"னார் கடைக்காரர். எனக்கும் அதுதான் சரின்னு பட்டது. கூட விலை கொடுத்துப் பெருசையே வாங்கினேன்.

முதல் பத்து நாள் வீட்டில திருவிழாதான். ராத்திரி நான் கிட்டே போனாலே கண்ணாடிக்கு வந்துடும். உயிர் நண்டைக் கையில இருந்தே வாங்கிக்கும். மூணாவது வாரம் மண்தொட்டிக்குள்ள போனது, வெளியே வரவே இல்லை. நண்டைக் கொடுத்தா தள்ளி விட்டுச்சு. தண்ணிதான் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு அம்மோனியா, உப்பு அளவு எல்லாம் சோதிச்சேன். எதிலயும் குறையில்லை. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். மண்தொட்டியோட உள்பக்கம் அரிசி மணி மாதிரி முட்டைகள் கொத்துக் கொத்தா தொங்கிட்டு இருந்தது.

அதுக்கப்புறம் அது எதையும் சாப்பிடல. முட்டை மேல தண்ணியை ஊதிக்கிட்டே காவல் காத்தது. ஒரு மாசத்துக்குள்ள இறந்து போச்சு. குஞ்சு எதுவும் வரலை.

நான்தான் கொன்னுட்டேன்னு ரொம்ப நாள் நினைச்சேன். படிச்சுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிஞ்சது. சின்ன இனங்கள் பலவற்றோட ஆயுள் ஏறக்குறைய ஒரு வருஷம்தான். சிலது ரெண்டு வருஷம் வரை போகும். பெண் வாழ்க்கையில ஒரே ஒரு முறை முட்டையிட்டு, பட்டினி கிடந்து இறந்துடும். ஆணும் இனச்சேர்க்கைக் காலம் முடிஞ்சதும் அதிக நாள் இருக்காது. 1977-ல ஜெரோம் வோடின்ஸ்கின்னு ஒரு ஆய்வாளர், முட்டையிட்ட பெண்களோட கண்ணுக்குப் பின்னால இருக்கிற சுரப்பியை எடுத்துப் பார்த்தார். அதுங்க முட்டையை விட்டுட்டு மறுபடி சாப்பிட ஆரம்பிச்சு, இன்னும் அதிக நாள் வாழ்ந்தது. ஆக இது நோய் இல்லை. உடம்பே போட்டு வச்சிருக்கிற கணக்கு.

என் தப்பு கடையிலயே நடந்துடுச்சு. ஒரே இனத்துல பெருசுன்னா பெரும்பாலும் வயசானதுன்னு அர்த்தம். கூடக் காசு கொடுத்து, குறைஞ்ச நாளை வாங்கியிருக்கேன்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி சிலதைப் பாருங்க. என்ன இனம்னு தெரியாம வாங்கவே வாங்காதீங்க. சின்னதா இருந்தா குட்டின்னும் நினைச்சுடாதீங்க. நீல வளையம் உள்ள இனம் வளர்ந்த பிறகும் கையளவுதான். அதோட டெட்ரோடோடாக்சின் விஷம் ஆளையே கொல்லும், முறிமருந்து கிடையாது. அப்புறம், கடைக்காரர் நண்டு போடும்போது பக்கத்துல நின்னு பாருங்க. பாய்ஞ்சு பிடிக்கணும். ஒரு கை அறுந்திருந்தா பயப்பட வேண்டாம், திரும்ப வளரும். பிடிமானமில்லாம வெளுத்துக் கிடந்தா விட்டுடுங்க.

டேங்க் முதல்ல, பேய்க்கணவாய் அப்புறம். குறைஞ்சது 200 லிட்டர், மூணு மாசமாவது ஓடின டேங்கா இருக்கணும். மீன் நோய்க்குக் காப்பர் மருந்து ஊத்தின பழைய டேங்க் வேண்டவே வேண்டாம். அதோட ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கறதே காப்பர்தான், ஆனா தண்ணியில கலந்த காப்பர் அதுக்கு விஷம். நம்ம கடல் இனம்னாலும் சென்னை வெயிலுக்குச் சில்லர் இல்லாம முடியாது. கூட மீன் எதுவும் விடாதீங்க. மூடிக்குப் பூட்டு போடுங்க. உடம்புல கெட்டியான பகுதி அலகு மட்டும்தான், அது நுழையிற ஓட்டையில முழு உடம்பும் நுழையும். 2016-ல நியூசிலாந்து தேசிய அக்வேரியத்துல இங்கின்னு ஒண்ணு மூடி இடுக்கு வழியா வெளியே வந்து, தரையில ஊர்ந்து, வடிகால் குழாயில இறங்கிக் கடலுக்கே போயிடுச்சு.

வீட்டுக்குக் கொண்டு வரும்போது பையை ஆட்டாதீங்க. அந்தக் கொஞ்சத் தண்ணியில மையைக் கக்கினா அதுக்கே மூச்சு முட்டும்.

இப்போ என் டேங்க் ஓடிட்டுத்தான் இருக்கு, காலியா. "எலுமிச்சம்பழ அளவுல வந்தா மட்டும் கூப்பிடுங்கண்ணே"ன்னு அதே கடையில சொல்லி வச்சிருக்கேன். அதுவும் மிஞ்சினா ஒரு வருஷம்தான்னு வீட்டில பிள்ளைங்ககிட்டயும் சொல்லியாச்சு. சொன்ன பிறகும் அவங்க வேணும்னாங்க. அதனாலதான் காத்திருக்கேன்.