அண்ணனின் கேம்பாய்



எங்கள் அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். 1994-இல் விடுப்பில் வந்தபோது எங்களுக்கு ஒரு கேம்பாய் கொண்டுவந்தார். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1989-இல் வெளியிட்ட, நான்கு பென்சில் பேட்டரியில் ஓடும் கையடக்க விளையாட்டுக் கருவி அது. ஒவ்வொரு விடுப்பிலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "விளையாடி முடித்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்."

நாங்கள் கழற்றவில்லை. அண்ணன் இறைவனில் இளைப்பாறி இரண்டாம் ஆண்டு நினைவுக்காக வீட்டை ஒதுக்கும்போது பரணிலிருந்து அது கிடைத்தது. உள்ளே பேட்டரிகள் கசிந்து, உப்புப் பூத்ததுபோல் கிடந்தன. "நீதானே கடைசியாக விளையாடினாய்?" என்று அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டையே வந்துவிட்டது. இந்த வயதில்!

பிறகு பழுதுபார்க்க உட்கார்ந்தோம். கசிந்தது காரம், ஆகவே பஞ்சுக் குச்சியில் வெள்ளை வினிகர் தொட்டுத் துடைத்தோம். பின்னர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். வெளி திருகாணிகளின் தலையில் மூன்று கீற்றுப் பள்ளம் இருக்கும். அதற்கென்றே தனித் திருப்புளி வாங்க வேண்டியிருந்தது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரு பட்டைக் கம்பி இணைக்கிறது. அவசரப்பட்டுப் பிளந்தால் அது அறுந்துவிடும்.

திரை இயங்கியது. ஆனால் நெடுக்குவாட்டில் பல கோடுகள் இல்லை. திரையின் அடியில் சூட்டால் ஒட்டிய மெல்லிய பட்டை ஒன்று உண்டு; வயதானால் அதன் பிடி விடும். சால்டரிங் அயர்னை மிதமான சூட்டில் அதன்மேல் மெதுவாக நகர்த்தினோம். கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒன்று மட்டும் வரவே இல்லை.

அந்த நாளில் கேசட்டை வாயால் ஊதித்தானே போடுவோம்? அது தவறாம், மூச்சின் ஈரம் முனைகளைக் கெடுக்கும். இந்த முறை ஆல்கஹாலால் துடைத்துச் செருகினோம். 1993-இல் வந்த செல்டா விளையாட்டு. சேமித்த ஆட்டங்களின் பட்டியலில் முதல் வரியில் அண்ணனின் பெயர், அவர் பாதியில் விட்ட ஆட்டத்தோடு!

அந்தப் பெயரைக் காத்து வைத்திருப்பது கேசட்டுக்குள் பற்றவைத்த ஒரு பொத்தான் பேட்டரி. முப்பது வயது தாண்டிவிட்டது. அது தீர்ந்தால் பெயர் அழியும். புதிதாக மாற்றினாலும் அழியும். வேறு மின்சாரம் கொடுத்துக்கொண்டே மாற்றும் வழி உண்டு, ஆனால் கை நடுங்கினால் போச்சு. தம்பி மாற்றிவிடலாம் என்றான். அக்கா தொடாதே என்றாள். இரண்டு நாள் பேச்சே இல்லை.

அம்மாவிடம் கேட்டோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெயரின்மேல் விரல் வைத்தார்கள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"இருக்கிறவரைக்கும் இருக்கட்டும்" என்றார்கள். பிறகு கருவியைத் திருப்பிப் பார்த்து, "பேட்டரியைக் கழற்றிட்டு வைங்க" என்றார்கள்.