பாத எரிவும் பாத மரப்பும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியச் சுவை பற்றிப் பேசுமாறு எம்மை அழைத்தலே இச்சங்கத்தார் வழக்கம். இம்முறை யாமே வேறொரு பொருளை வேண்டிப் பெற்றோம். சித்திரைத் திருவிழா அணித்தாகிவிட்டது. நம்மவர் குலதெய்வக் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து செல்லும் நாளும் வருகின்றது. அதற்குமுன் நம் பாதங்களைப் பற்றிச் சில கூறவேண்டும் என்று கருதினோம். தமிழாசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று வினவுவோர்க்கு விடை இது: கால் எரியும் நோய் எமக்கு 6 ஆண்டுகளாக உண்டு. மருத்துவன் என்னும் உரிமையாலன்று, நோயாளி என்னும் உரிமையாலேயே பேசுகின்றோம்.

மூளையினின்றும் தண்டுவடத்தினின்றும் புறப்பட்டு உடல் முழுதும் கிளைத்தோடும் நரம்புகளைப் புற நரம்புகள் என்பர். அவை நலிவுறுதலே இந்நோய். அவற்றுள் மிக நீண்டவை இடுப்பினின்று கால்விரல் நுனிவரை ஓடுவன. ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் உடையன. வாய்க்காலில் நீர் குறையுங்கால் முதலிற் காய்வது கடைமடை வயலே யன்றோ? அதுபோல நரம்பு நலியுங்கால் முதலில் வாடுவது கால்விரல் நுனியே. இரு பாதத்தும் ஒப்பத் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல மேலேறும். முழங்கால் அளவை எட்டும்போது கைவிரல் நுனிகளிலும் தோன்றும்.

இதன் குறிகள் இருவகைப்படும். ஒன்று எரிவு. பகலெல்லாம் அடங்கிக் கிடந்து, விளக்கணைத்துப் படுத்த பின்னர் எழும். தீக்கங்கின்மேல் நிற்பது போலும், ஊசி குத்துவது போலும், எறும்பு ஊர்வது போலும் இருக்கும். மெல்லிய போர்வை பட்டாலும் பொறுக்க இயலாது. மற்றொன்று மரப்பு. பஞ்சின்மேல் நடப்பது போல் தோன்றும். காலிலிருந்து செருப்புக் கழன்று விழுந்ததும் அறியாமற் பத்தடி நடந்து செல்வோரை நம் கடைவீதியிலேயே காணலாம். மரத்தல் என்னும் சொல்லை நம் முன்னோர் நன்கு தேர்ந்தனர். மரம்போல் ஆதல் என்று அதற்குப் பொருள் கொண்டாற் பிழையில்லை. மரத்தை வெட்டினாலும் அது கூவுவதில்லை.

எரிவு மனிதனை மருத்துவரிடம் துரத்தும், மரப்புத் துரத்தாது. பல்லாண்டு எரிந்த கால் ஒருநாள் எரியாமல் நின்றுவிட்டால், நோய் நீங்கிற்று என்று மகிழ்ந்து மருந்தையும் நிறுத்துவோர் உளர். சிலர்க்கு அது நரம்பு தேறியதனால் அமைந்த அமைதியன்று. நரம்பு முற்றும் ஓய்ந்துபோனதனால் அமைந்த அமைதி. வலிக்கும் காலினும் வலியாத காலுக்கே அஞ்சவேண்டும் என்பதை உங்கள் முன் வைக்கவே இங்கு வந்தோம்.

நோய்க்குக் காரணம் பல. நம் நாட்டில் முதற் காரணம் நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டோர். கடையிற் காலை முதல் இரவுவரை அமர்ந்தும் நின்றும் தொழில் செய்யும் நம்மவருள் இந்நோய் இல்லாத வீடு அரிது. ஆயினும் எல்லா எரிவும் சர்க்கரையால் வருவதன்று. மது, சிறுநீரகக் கேடு, தைராய்டுக் குறைவு, புற்றுநோய்க்குத் தரும் சில மருந்துகள், தொழுநோய் ஆகிய இவையும் நரம்பை வாட்டும்.

உணவின் குறையும் ஒரு காரணமே. சாவகத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியால் அவை தேறுவதையும் 1890களிற் கண்டார். அதன் பயனாக 1929இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். சேலத்திற் பிறந்த கோபாலன் என்னும் ஊட்டவியல் அறிஞர் 1946இல் எரிபாத நோய் பற்றியே தனிக் கட்டுரை வெளியிட்டு, பாந்தோதெனிக் அமிலம் என்னும் வைட்டமினால் அவ்வெரிவு தணிந்ததை எழுதினார். அக்காலத்து வறுமை எரிவு இக்காலத்தில் அருகிவிட்டது. ஆனால் பி12 என்னும் வைட்டமின் குறைவு அருகவில்லை. புலால் உண்ணாதார்க்கு அஃது எளிதிற் குறையும். நீரிழிவுக்கு நெடுநாள் மெட்ஃபார்மின் உண்பார்க்கும் குறைவதுண்டு. ஓர் இரத்தப் பரிசோதனையால் அறிந்து ஊசியாலோ மாத்திரையாலோ ஈடு செய்யலாகும் குறையைச் சர்க்கரையின் தலையில் ஏற்றிவிட்டு வாளா இருத்தல் கூடாது. நரம்புக்கு நல்லது என்று எவரோ சொல்லக் கேட்டுச் சத்து மாத்திரைகளை அள்ளி உண்பதும் கூடாது. பி6 வைட்டமின் அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

நிற்க. எரிவுக்கு என்ன செய்வது என்பதையே பலரும் எதிர்நோக்கி இருப்பீர்கள். சர்க்கரையை ஒழுங்கில் நிறுத்துதலே அடிப்படை. நெடுநாள் மிகுந்திருந்த சர்க்கரையை மிக விரைவிற் குறைத்தாற் சிலர்க்கு எரிவு சிறிது காலம் கூடுவதும் உண்டு. அது கண்டு மருந்தைக் குறை கூறி நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் உண்ணும் மாத்திரைகள் இவ்வெரிவுக்குப் பெரும்பாலும் பயன்படா; அவற்றுட் சில, நீரிழிவுடையாரின் சிறுநீரகத்துக்குப் பகை. இதற்கென்று மருத்துவர் தருவன வேறு. அமிட்ரிப்டிலின், டுலாக்சிடின் என்பன முதலில் மனச்சோர்வுக்குக் கண்டவை. கபாபென்டின், பிரிகாபலின் என்பன வலிப்புக்குக் கண்டவை. நரம்பின் பொய்க் கூக்குரலை அடக்கும் ஆற்றல் அவற்றுக்கு இருத்தலின் இங்கும் பயன்படுகின்றன. இதனை அறியாமல், மருந்துக் கடையில் ஒருவர் "இது மனநோய் மாத்திரை அன்றோ?" என்று கேட்டமையால் வெட்கி, அதனைக் குப்பையில் எறிந்தாரை யாம் அறிவோம். அம்மருந்துகள் முதல்நாளே வேலை செய்யா. சில வாரம் பொறுக்கவேண்டும். தூக்கமும் தலைச்சுற்றும் தரும். முதியோர்க்கும் இதய நோயர்க்கும் சிறுநீரக நோயர்க்கும் அளவு வேறுபடும். திடீரென நிறுத்தலும் ஆகாது. எரிவு பாதியாய்க் குறைந்து இரவில் உறக்கம் வந்தால் அதனையே பெரும் பேறாகக் கொள்ளவேண்டும். முழுதும் ஒழிப்பேன் என்று விளம்பரம் செய்வாரிடம் பணத்தைக் கொடாதீர்கள்.

மிளகாயின் காரப் பொருளாகிய காப்சைசின் கலந்த களிம்பு ஒன்றும் உண்டு. முதற் சில நாள் எரிவை மிகுவிக்கும், பின்னர்த் தணிக்கும். தடவிய கையைக் கழுவாமற் கண்ணைத் தொட்டவர் அதனை மறவார். புண் உள்ள காலில் அதனை இடலாகாது. மருதாணி அரைத்துப் பூசுதல் குளிர்ச்சி தரும். தோல் முழுமையாய் உள்ளவரை தீங்கில்லை.

சிறு உபாயங்களும் உதவுகின்றன. போர்வை பாதத்தில் படாதவாறு கட்டிலின் கால்மாட்டில் ஒரு முக்காலியைக் கவிழ்த்து வைத்து அதன்மேற் போர்வையை இடுகின்றோம். வகுப்பில் அமர்ந்தே பாடம் நடத்துகின்றோம். மாலையில் அரைமணி நேரம் மெல்லிய அடியுடைய சப்பாத்து அணிந்து நடக்கின்றோம். வேட்டி கட்டிய தமிழாசிரியன் கான்வாஸ் சப்பாத்தோடு வகுப்பிற்குள் நுழைந்தால் மாணவர் நகையாரோ? நகைத்தனர், இரண்டு நாளில் மறந்தும் விட்டனர்.

இனி மரப்புக்கு வருவோம். அதன் உண்மையை உலகுக்குக் காட்டியவருள் தலையாயவர் கொல்லிமலையில் 1914இற் பிறந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர். அவர் 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயாலேயே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தார் நம்பினர். அவரோ, நோய் நரம்பை மட்டும் மரக்கச் செய்கின்றது. வலி அறியாத கையும் காலும் சுட்டும் வெட்டுண்டும் தேய்ந்துமே அழிகின்றன என்று கண்டார். இரவில் ஒருவருடைய விரல் காணாமற் போயிற்று. ஆராய்ந்தபோது, உறங்கியவர் அறியாமல் எலி கடித்துத் தின்றது புலப்பட்டது. அதன் பின்னர் நோயாளர்க்குப் பூனைகளை வளர்க்கக் கொடுத்தார். வேலூரிலும் கரிகிரியிலும் அவரும் அவர் துணைவரும் நுண்துளை இரப்பர் அடியுடைய செருப்பைப் பரப்பினர், எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் மருத்துவமனைகளிற் கிடைப்பது அதுவே. 1966இல் அமெரிக்கா சென்றபின், அங்குள்ள நீரிழிவு நோயரின் பாதப் புண்ணுக்கும் அதே முறை பொருந்துதல் கண்டார். வலியைக் கொடை என்று அவர் கூறியது பிறர்க்கு விந்தையாகலாம். இந்நோயுடைய எமக்கு விந்தையன்று.

இதிலிருந்து நாம் கொள்வது யாது? கண்ணே காலுக்கு நரம்பாகல் வேண்டும். நாள்தோறும் உறங்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நோக்குக. குனிய இயலாதார் தரையிற் கண்ணாடியை வைத்து நோக்குக; பார்வை மங்கியோர்க்குப் பேரன் பேத்தியர் பார்த்துச் சொல்க. வெந்நீரிற் காலை இடுமுன் முழங்கையால் அதன் சூட்டை அறிக; செங்கல் ஒற்றடமும் வெந்நீர்ப் பையும் மரத்த காலுக்கு அறவே வேண்டா. பேருந்தில் எஞ்சின் மூடியின் அருகிற் காலை வைத்துக் கொப்புளம் கண்டு இறங்கியோர் உளர். கால் ஆணியைப் பிளேடால் அறுத்தலும் அதன்மேல் ஆணிப் பட்டை ஒட்டுதலும் ஆபத்து. செருப்பை அணியுமுன் கவிழ்த்துத் தட்டுக. பீடி, சிகரெட்டு காலுக்குச் செல்லும் குருதிக் குழாயைச் சுருக்கும். புண் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்க. நீரிழிவாற் கால் இழப்போருட் பெரும்பாலோர்க்கு முதலில் வந்தது ஒரு சிறு புண்ணே.

நம்மவருட் சிலர் புண்ணை மறைக்கின்றனர். தொழுநோய் என்று பிறர் நினைப்பர், வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் தவறும் என்னும் அச்சமே காரணம். மறைத்ததனாற் காலையும் இழந்து, மறைக்க முயன்ற செய்தியையும் ஊரறியச் செய்தனர். தொழுநோயேயாயினும் அஞ்ச வேண்டுவதில்லை. பன்மருந்து முறையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் வகுத்தபின் அது முற்றும் தீரும் நோயாயிற்று. மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தரப்படுகின்றது.

இனித் திருவிழா. வெறுங்காலோடு நடத்தல் வேண்டுதல். அதில் எவரும் கைவைக்கலாகாது என்று மூத்தோர் கூறுவர். அவர்கட்கு யாம் பணிந்து கூறுவது ஒன்று. நம் பாட்டனார் நடந்த வழி மண்வழி. இருமருங்கும் புளியமரம் நின்றது. இன்றுள்ளது தார்ச்சாலை, மரங்களும் இல்லை. சித்திரை நண்பகலில் அத்தாரின் சூடு, உணர்வுள்ள காலைத் துள்ளச் செய்யும்; உணர்வற்ற காலைத் துள்ளச் செய்யாமற் கொப்பளிக்கச் செய்யும். கோயில் வாயிலிற் செருப்பை விடுதல் மரபு. ஊர் எல்லையிலேயே விடவேண்டும் என்பதற்கு நம் குலத்தில் எழுத்துச் சான்று எதனையும் யாம் கண்டிலேம். ஆதலின் மரத்த காலுடையோர் வாயில்வரை செருப்போடு வரலாம். அல்லது வழியில் நீர்ப்பந்தற் பணியை ஏற்கலாம். நடப்போர் யாவரும் விடியுமுன் புறப்பட்டுச் சூடேறுமுன் சேர்தல் நலம். திருச்சுற்றுக் கல்தரையில் தேங்காய்நார்ப் பாய் விரித்து நீர் தெளிக்கும் செலவைச் சங்கம் ஏற்குமாறு அவைத்தலைவரை வேண்டுகின்றோம்.

யார் கால் மரத்தது என்று அறிவது எளிது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றை உள்ளங்காலின் சில இடங்களில் தொடுவர். கண்ணை மூடியிருப்பவர் உணர்ந்தால் உணர்ந்தேன் என்று சொல்லவேண்டும். வலியில்லை, ஐந்து நிமிடமும் ஆகாது. வரும் ஞாயிறு காலை 9 மணிக்குச் சங்க மண்டபத்தில் இதனைச் செய்ய மருத்துவர் ஒருவர் இசைந்துள்ளார். நீரிழிவுடையோர் மருந்துச் சீட்டையும், நாள்தோறும் அணியும் செருப்பையும் கையோடு கொண்டு வருக. காலுக்கு நலங்கு இட்டோர் நன்கு கழுவி வருக. தாய்மார்கள் மெட்டியைக் கழற்ற மனம் இசையாராயின், விரல் தெரியுமாறு தளர்த்திக்கொண்டு வந்தாற் போதும்.