கல்லைத் தொட அனுமதி வேண்டும், பிள்ளையைத் தொட?



ஆண்டு இறுதி விடுமுறை வந்துவிட்டால் நம் இளையர்கள் பலர் பயணப் பையைத் தூக்கிவிடுகிறார்கள். சிலர் சுற்றுலாவுக்கு, சிலர் தொண்டூழியத்துக்கு. இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ள வசதியான ஊர், கம்போடியாவின் சியெம் ரீப். விடியற்காலையில் அங்கோர் வாட்டில் சூரிய உதயம், பகலில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம். பத்து நாளில் நிறைவான மனத்தோடு வீடு திரும்பலாம். அந்தப் பகல் நேரத்தைப் பற்றித்தான் இன்றைய உரை.

முதலில் ஊரைப் பார்ப்போம். நகருக்கு வடக்கே ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்பில் அங்கோர் தொல்லியல் பூங்கா விரிந்து கிடக்கிறது. கெமர் பேரரசின் தலைநகரங்கள் இருந்த மண் அது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய ஆலயம்தான் அங்கோர் வாட். தேவரும் அசுரரும் பாற்கடல் கடையும் காட்சி அதன் சுவரில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கப்பட்டிருக்கிறது. குருச்சேத்திரப் போர் உண்டு, இலங்கைப் போரும் உண்டு. நம் வீட்டுப் பாட்டிமார் போனால் வழிகாட்டியே தேவைப்படாது!

1992இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலக மரபுடைமையாக அறிவித்தபோதே, அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. போர், திருட்டு, காடு என்று எல்லாம் சேர்ந்து அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தன. 2004இல்தான் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து அது நீங்கியது. இந்தியத் தொல்லியல் துறை 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டைச் சுத்தம் செய்து பழுது பார்த்தது. உள்நாட்டுக் குழப்பம் ஓயாத காலத்தில் துணிந்து போன குழு அது. ஆனாலும் அவர்கள் பயன்படுத்திய இரசாயனமும் சிமெண்டும் கல்லுக்கு ஆகாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் குறை சொன்னார்கள். இன்று பூங்காவை நிர்வகிக்கும் அப்சரா ஆணையத்தின் அனுமதியின்றி யாரும் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது. படித்தவர், பயிற்சி பெற்றவர் கைக்கே அவ்வளவு கட்டுப்பாடு.

அதே ஊரில், ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள என்ன தகுதி வேண்டியிருந்தது? பல இடங்களில் கட்டணம் கட்டினால் போதும் என்ற நிலைதான் நெடுங்காலம் இருந்தது.

கெமர் ரூஜ் ஆட்சி 1975 முதல் 1979 வரை நடந்தது. சுமார் 17 இலட்சம் பேர் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அப்போது அநாதையான பிள்ளைகளுக்கு இல்லங்கள் தேவைப்பட்டன, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் இல்லங்கள் குறையவில்லை. 2005க்கும் 2010க்கும் இடையே அவற்றின் எண்ணிக்கை சுமார் 75 விழுக்காடு கூடியது. அங்கே தங்கியிருந்த பிள்ளைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதும் தெரியவந்தது.

பெற்றோர் இருக்க, பிள்ளை ஏன் அங்கே? ஏழ்மைதான். பிள்ளைக்குச் சோறும் படிப்பும் ஆங்கிலமும் கிடைக்கும் என்று கிராமத்துக்கு ஆள் வந்து சொன்னால், நெல் விளையாத ஆண்டில் எந்தத் தாய்தான் யோசிக்க மாட்டாள்? 2024இல் கூட அந்நாட்டு ஆடைத் தொழிற்சாலை ஊழியரின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 204 அமெரிக்க டாலர்தான். பயணிகள் வரும் ஊரில் இல்லம் நடத்தினால் நன்கொடை வருகிறது. நன்கொடை வர வேண்டுமென்றால் பிள்ளைகள் இருக்க வேண்டும், அவர்கள் பார்ப்பதற்கு ஏழையாகவும் இருக்க வேண்டும். வந்தவர்கள் முன் ஆட வைத்த இல்லங்கள் உண்டு. எல்லா இல்லமும் இப்படியில்லை. ஆனால் பத்து நாள் விருந்தாளிக்கு எது எப்படி என்று பிரித்துப் பார்க்கத் தெரியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. வரும் அண்ணனும் அக்காவும் அன்பாகப் பழகுகிறார்கள், கடைசி நாள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், போய்விடுகிறார்கள். அடுத்த வாரம் வேறு அண்ணன், வேறு அக்கா. பாடமும் மறுபடி ஏ, பி, சி. ஒட்டுவதும் பிரிவதுமாகவே வளரும் பிள்ளைக்கு மனத்தில் ஆழமான பாதிப்பு ஏற்படும் என்று குழந்தைநல வல்லுநர்கள் எச்சரித்து வருகிறார்கள். கண்ணீர் விட்டவர்கள் நல்லவர்கள்தான். அது உண்மையான கண்ணீர்தான். ஆனால் அந்த அழுகையைப் பிள்ளை எத்தனை முறை பார்ப்பது?

நம் பேட்டைத் தொடக்கப்பள்ளியை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டுச் சுற்றுப்பயணி ஒருவர் திடீரென உள்ளே வந்து உங்கள் பிள்ளையோடு படம் எடுத்துக்கொள்ள முடியுமா? பாதுகாவலர் வாசலிலேயே நிறுத்திவிடுவார். கம்போடியத் தாயின் பிள்ளைக்கும் அந்த வாசல் வேண்டாமா?

2011இல், பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல என்ற பிரசாரம் அங்கே தொடங்கியது. பிறகு கம்போடிய அரசாங்கமும் பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கத் திட்டம் வகுத்தது. பல இல்லங்கள் மூடப்பட்டன. ஆதரவற்றோர் இல்லங்களில் நடக்கும் இத்தகைய தொண்டூழியம் குறித்து 2019 டிசம்பரில் ஐக்கிய நாட்டுப் பொதுச் சபையும் கவலை தெரிவித்தது.

அப்படியானால் யாரும் போகவே வேண்டாமா? போகலாம். கென்ரோ இசு என்ற ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் கோயில்களைப் படம் எடுக்கத்தான் சியெம் ரீப் போனார். அங்கே கண்ட பிள்ளைகளின் நிலை அவரை உலுக்கியது. அதன் பலனாக 1999இல் அங்கோர் சிறுவர் மருத்துவமனை திறக்கப்பட்டது. வெளிநாட்டு மருத்துவர்களும் தாதியரும் அங்கு தொண்டூழியம் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்களின் முக்கிய வேலை உள்ளூர் மருத்துவருக்கும் தாதிக்கும் கற்றுக்கொடுப்பது. கற்றவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், வந்தவர் போனாலும் வேலை நிற்பதில்லை. நம்மிலும் தாதியர், கணக்காளர், பொறியாளர் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளோடு விளையாடப் போவதைவிட, அங்குள்ள சக ஊழியருக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கப் போகலாம்.

தொழில் எதுவும் தெரியாத 19 வயது மாணவர் என்ன செய்வது? அதற்கும் அந்த ஊரில் ஒரு வழி காட்டப்பட்டது. பியாட் ரிச்னர் என்ற சுவிட்சர்லாந்து குழந்தை மருத்துவர், 2018இல் காலமானவர், அங்கு இலவச மருத்துவமனை நடத்தினார். சனிக்கிழமை இரவுகளில் பயணிகளுக்குச் செல்லோ வாசித்துக் காட்டுவார். வாசித்து முடித்ததும் இளையர்களிடம் இரத்தம் கேட்பார், வயதானவர்களிடம் பணம் கேட்பார். டெங்கிக் காய்ச்சல் முற்றிய பிள்ளைக்கு இரத்தம் தேவைப்படலாம் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையை மடியில் வைக்க வேண்டாம், பெயர்கூடத் தெரிய வேண்டாம். வயதும் உடல்நலமும் பொருந்தினால் அரை மணி நேரம் போதும்.

பெற்றோர்களே, பிள்ளை பயண விண்ணப்பத்தோடு வந்து நின்றால் கையெழுத்துப் போடுமுன் ஏற்பாட்டாளரிடம் சில கேள்விகள் கேளுங்கள். அங்குள்ள பிள்ளைகளின் பெற்றோர் எங்கே? போகிறவர்களின் பின்னணியை யார் சரிபார்த்தார்கள்? இந்த வேலையைச் செய்ய உள்ளூர் ஆள் கிடைக்கவில்லையா? கட்டும் பணத்தில் எவ்வளவு அந்த ஊரில் தங்குகிறது? பதில் மழுப்பலாக வந்தால், அங்கோர் பார்க்க மட்டும் அனுப்பிவையுங்கள். உள்ளூர்க்காரர் நடத்தும் விடுதியில் தங்கட்டும், உள்ளூர்க்காரர் கடையில் சாப்பிடட்டும்.

இனி, அரங்கில் இருப்பவர்களின் கேள்விகள்.